பெயர்ப்பலகையில் இல்லாத எழுத்து

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலையகத்தில் ஒரு பாடசாலைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பெயர்ப்பலகை. பிறகு மகுட வாக்கியம். பக்கத்தில் ஒரு சரஸ்வதி சிலையும் இருக்கலாம். அங்கே படிக்கிற பிள்ளை பதினாறு வயதில் எந்தப் பக்கம் திரும்ப முடியும் என்பதைச் சொல்லும் எழுத்தை மட்டும் யாரும் சுவரில் எழுதி வைப்பதில்லை. அது வலயக் கல்விப் பணிமனையின் கோப்பில் இருக்கிறது: 1ஏபி, 1சி, வகை 2, வகை 3.

வகை 3 என்றால் ஆரம்பப் பாடசாலை. பெரும்பாலும் தரம் 5 வரை, சில இடங்களில் தரம் 8 வரை. வகை 2 என்றால் தரம் 11 வரை, அதாவது சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்துவிடும். 1சி என்றால் உயர்தரம் (தரம் 12, 13) உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும் மட்டுமே. விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிக்க வேண்டுமானால் 1ஏபி வேண்டும். நாட்டில் அரச பாடசாலைகள் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் 1ஏபி ஏறத்தாழ ஆயிரம். அந்த ஆயிரத்தில் தமிழ் மொழிமூலம் எத்தனை, அதிலும் தோட்டத்துப் பிள்ளை காலையில் பஸ் ஏறிப் போய்ப் பின்னேரம் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் எத்தனை என்று கழித்துக்கொண்டே போனால், கடைசியில் ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை என்று நகரங்களின் பெயர்கள்தான் மிஞ்சும்.

"நம்ம பிள்ளைகளுக்குக் கலைப் பிரிவுதான் பிடிக்கும்" என்று மேடைகளிலும் கூட்டங்களிலும் சொல்வதுண்டு. 1சி பாடசாலை ஒன்றின் உயர்தர நேர அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தமிழ், இந்து நாகரிகம், புவியியல், அரசியல் விஞ்ஞானம், நாடகமும் அரங்கியலும். வர்த்தகம் இருந்தால் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி. இருப்பதை எடுத்த பிள்ளையைப் பார்த்து, அதைத்தான் விரும்பியது என்கிறோம். கடையில் ஒரே நிறத்துச் சட்டையை வைத்துக்கொண்டு ஊருக்கே அந்த நிறம்தான் பிடிக்கும் என்பதைப் போன்ற பேச்சு இது.

இந்த எழுத்துகள் இப்படி விழுந்ததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அப்போதும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை வெளியே நின்றன. 1970களின் நடுவில் தோட்டங்களே அரசுடைமையான பிறகுதான் கட்டம் கட்டமாகக் கல்வித் திணைக்களத்துக்குள் வந்தன. அதற்கிடையில் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், அதனால் போன வாக்குரிமை, இந்தியாவோடு செய்த 1964இன் ஒப்பந்தத்துக்குப் பின் அங்கே கப்பலேறிய குடும்பங்கள். வாக்கில்லாத பெற்றோருக்காகப் பாடசாலை கட்டிக் கொடுக்க எந்தப் பாராளுமன்ற உறுப்பினருக்கும் அவசரம் இருக்கவில்லை. கிராமத்துப் பாடசாலைக்கு 1945இல் தொடங்கிய ஓட்டம், தோட்டத்துக்கு ஒரு தலைமுறை பிந்தித் தொடங்கியது. அந்த ஓட்டத்தில் ஒரு பாடசாலை வகை 3இலிருந்து 2க்கும், 2இலிருந்து 1சிக்கும் ஏறப் பல வருடங்கள் எடுத்தன. 1ஏபி வரை வந்தவை சிலதான்.

பழைய மண்டபங்கள் இன்னும் பல இடங்களில் பாவனையில் இருக்கின்றன. நீளமான ஒரே கூடம், இடுப்பளவு சுவர், மேலே தகரம். நடுவில் தடுப்பு இல்லை. கரும்பலகையைத் திருப்பி வைத்தால் அதுதான் சுவர். மூன்றாம் தரம் வாய்ப்பாடு சொல்லும்போது நான்காம் தரத்துக்குக் காது கேட்காது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. தகரத்தில் பெருமழை விழுந்தால் ஆசிரியரின் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. அந்த நேரத்தில் படம் வரையச் சொல்வது எல்லோரும் அறிந்த உத்தி. கூரைக்கு அடியில் பலகைச் சீலிங் அடித்தாலே இரைச்சல் பெருமளவு குறையும். ஆனால் மதிப்பீட்டில் சீலிங்குக்கு எப்போதும் கடைசி இடம், ஏனென்றால் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட அது உதவாது.

சரி, தோட்டத்துப் பாடசாலை வேண்டாம், டவுன் பாடசாலைக்கே தரம் 1இல் சேர்க்கலாம் என்று ஒரு தகப்பன் நினைக்கிறார் என்று வைப்போம். இடங்களில் பாதி அருகில் வசிப்பவர்களுக்கு. 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு. பெற்றோர் அங்கே படித்திருந்தால்தானே பழைய மாணவர்! ஆகவே தோட்டத்துக் குடும்பத்துக்கு மிஞ்சுவது அருகில் வசிப்போர் பிரிவு. அதற்கு வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடப் பதிவு காட்ட வேண்டும்; அது பெரும்பாலும் இருக்கும். அடுத்தது வதிவிடத்தை நிரூபிக்கும் ஆவணம். வீட்டு உறுதி இருந்தால் நல்ல புள்ளி. லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு உறுதி கிடையாது. மூன்று தலைமுறை அதே காம்பராவில் பிறந்து வளர்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கம்பெனி கொடுத்த தங்குமிடம்.

அதைவிடக் கொடுமை கடைசிக் கணக்கில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்டிய பாடசாலை வேறொன்று இருந்தால், அப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். லயத்துக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே, தகரக் கூரையோடு நிற்கிறதே அந்த வகை 3 பாடசாலை, அதுவே டவுன் பாடசாலைக்குப் போகும் வழியில் புள்ளியைக் குறைக்கிறது.

அடுத்த கதவு தரம் 5 புலமைப்பரிசில். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. சித்தியடைந்தால் இரண்டு பயன்: உதவிப்பணம் ஒன்று, தரம் 6இல் பெரிய பாடசாலைக்கு அனுமதி இன்னொன்று. உதவிப்பணம் வந்துவிடும். அனுமதியில்தான் சிக்கல். டவுன் பாடசாலைக்கு விடுதி இல்லையென்றால், தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து பத்து வயதுப் பிள்ளை காலை ஐந்தரைக்கு இறங்கி நடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்கு வகுப்பில் இருக்க வேண்டும். அம்மா அந்த நேரம் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போகத் தயாராகிக் கொண்டிருப்பார். பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் இல்லை. பெண் பிள்ளை என்றால் பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்படி வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை பழைய பாடசாலையிலேயே தொடர்வதும் உண்டு. அந்தப் பெறுபேற்றை மட்டும் சட்டகம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

போகிற பிள்ளைகள் போனாலும் இன்னொரு விளைவு. வகை 2 பாடசாலை ஒன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் முதல் நான்கைந்து பிள்ளைகள் கழன்றுவிடுகிறார்கள். கணிதத்தில், விஞ்ஞானத்தில் ஏ எடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். ஐந்து வருடம் கழித்து அந்தப் பாடசாலையின் சாதாரண தரப் பெறுபேற்றைப் பார்க்கும் அதிகாரி, "இங்கே உயர்தரம் தொடங்கப் போதிய பிள்ளைகள் இல்லையே" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. தரம் 5இலேயே அரித்து எடுத்த பிறகு அரிசட்டியில் என்ன மிஞ்சும்?

ஆசிரியர் கணக்குக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "ஆசிரியர் பற்றாக்குறை" என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நீண்டகாலம் வழக்கத்தில் இருந்த முறைப்படி நாளைக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், வாரத்துக்கு 40 பாடவேளை. தரம் 6 முதல் 11 வரை, தரத்துக்கு ஒரே வகுப்பு உள்ள சின்னப் பாடசாலை. விஞ்ஞானத்துக்கு வகுப்புக்கு ஆறு பாடவேளை போட்டால் 36. அதாவது ஒரே ஓர் ஆசிரியர் கிட்டத்தட்ட முழு வாரமும் ஓய்வில்லாமல் நின்றால் ஆறு தரங்களும் ஓடும். ஆளணிக் கணக்கில் இது முறையான பாடசாலை: ஒரு விஞ்ஞான ஆசிரியர் தேவை, ஒருவர் இருக்கிறார், வெற்றிடம் பூச்சியம்.

அந்த ஆசிரியை பிரசவ விடுமுறையில் போகிறார். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள், அவருடைய உரிமை. பாடசாலை வருடமே ஏறத்தாழ இருநூறு நாட்கள்தான். பதிலுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை. ஆறு தரங்களும் ஒரே நாளில் விஞ்ஞானத்தை இழக்கின்றன. விவசாய டீச்சரோ சமய டீச்சரோ வகுப்பைப் பார்த்துக்கொள்வார். புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதச் சொல்வார். கொழும்பில் தரத்துக்கு ஆறு வகுப்புள்ள பாடசாலையில் ஐந்தாறு விஞ்ஞான ஆசிரியர்கள் இருப்பதால் ஒருவர் போனாலும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அங்கே கீறல், இங்கே முறிவு. விகிதாசாரத்தைப் பார்த்தால் சின்னப் பாடசாலையில்தான் ஆசிரியருக்குப் பிள்ளைகள் குறைவு என்று வரும். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் கூடுதல் என்று வாதாடுபவர்கள், அது எந்தப் பாடத்துக்கு என்று ஒரு வரி கூடக் கேட்பதில்லை.

இடமாற்றம் இன்னொரு முறிவு. கஷ்டப் பிரதேசம், அதி கஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகைப்படுத்தி, அங்கே குறிப்பிட்ட காலம் சேவை செய்தால் போதும் என்பது முறை. வெளி மாவட்டத்திலிருந்து முதல் நியமனத்தில் வருகிறவர் தங்க இடமில்லாமல் டவுனில் அறை எடுத்து, பஸ்ஸிலும் பிறகு த்ரீவீலரிலும் ஏறி வருவார். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கொஞ்சம் முன்னதாகவே எழும்புவார். காலம் முடிந்த அன்றே இடமாற்றக் கடிதம். அவரைக் குறை சொல்லிப் பலனில்லை. ஆசிரியர் விடுதி என்று பெயர் எழுதிய கட்டடத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடம் இருந்திருப்பார்.

ஊர் ஆட்களையே ஆசிரியராக்கினால் நிற்பார்கள் என்ற யோசனை சரியானதுதான். அதற்காகத்தான் ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது. 2010களின் நடுவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரியர் உதவியாளர்கள் பெருந்தொகையாக எடுக்கப்பட்டார்கள். உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்கள். பயிற்சி முடித்துத் தகைமை பெறும்வரை அவர்களுக்குக் கொடுத்தது சம்பளம் இல்லை, கொடுப்பனவு: தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாய், பின்னர் 10,000. பக்கத்து வகுப்பறையில் அதே பாடவேளைகளைச் செய்பவருக்கு ஆசிரியர் சேவைச் சம்பளம். பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக அந்த 6,000இல் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை வாசகர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நியமனத்தின் ஆழமான பிரச்சினை காசு இல்லை. எடுக்கப்பட்டவர்கள் மலையக உயர்தர வகுப்புகளிலிருந்து வந்தவர்கள். அந்த வகுப்புகளோ பெரும்பாலும் 1சி. உயர்தரத்தில் இரசாயனம் படிக்காதவரைக் கல்வியியற் கல்லூரியின் விஞ்ஞானப் பயிற்சிநெறிக்கு எடுக்க முடியாது. ஆகவே ஆரம்பக் கல்விக்கும் தமிழுக்கும் சமூகக் கல்விக்கும் ஆட்கள் வந்தார்கள், கணிதமும் விஞ்ஞானமும் காலியாகவே கிடந்தன. விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் விஞ்ஞான ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் பிரிவு தொடங்க முடியாது. செக்கு மாடு போல் சுற்றிச் சுற்றி அதே எழுத்துக்கு வந்து நிற்கிறோம்.

சாதாரண தரத்தில் உயர்தரத்துக்குத் தகுதி பெற ஆறு பாடச் சித்தி வேண்டும்; தாய்மொழியும் கணிதமும் அதில் அடங்க வேண்டும், மூன்று பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் வேண்டும். 35 புள்ளி எடுத்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி; 50 எடுத்தால் சி. விழுவது கணிதத்தில்தான். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாத இடைவெளி. மலையகத்தில் பிள்ளைகள் கைநழுவிப் போகும் காலம் இது. டவுன் பிள்ளை அந்த மாதங்களில் உயர்தர டியூஷன் தொடங்கிவிடும். தோட்டத்துப் பையன் "சும்மாதானே இருக்கேன்" என்று கொழும்பில் ஒரு கடைக்குப் போவான், பெண் பிள்ளை கார்மென்ட்ஸுக்கு. முதல் மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்த பிறகு பெறுபேறு நன்றாக வந்தாலும் திரும்புவது கஷ்டம். வகுப்பாசிரியர் அந்த இடைவெளியில் ஒருமுறை லயத்துக்குப் போய்ப் பேசினால் சிலர் நிற்கிறார்கள். செய்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது கடமைப் பட்டியலில் இல்லாத வேலை.

ஒரு 1சி பாடசாலையை 1ஏபி ஆக்க என்ன வேண்டும்? கணிதப் பிரிவுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உயிரியல் பிரிவுக்கு உயிரியலும் அதே பௌதிகவியல், இரசாயனவியலும். ஆக, குறைந்தது நான்கு பட்டதாரிகள். ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வுகூடம் என்றால் கட்டடம் என்று நினைக்கிறோம். தண்ணீர் அழுத்தத்தோடு வர வேண்டும், கழிவு நீர் போக வழி வேண்டும், எரிவாயு சிலிண்டர் வேண்டும், அமிலம் வைக்கப் பூட்டுள்ள அலுமாரி வேண்டும், கழுவித் துடைத்து எடுத்து வைக்க ஓர் ஆய்வுகூட உதவியாளர் வேண்டும். கட்டடம் மட்டும் வந்தால் ஆறு மாதத்தில் அது விளையாட்டுச் சாமான் அறை. அமில-கார நியமிப்புப் பரிசோதனையை வெண்கட்டியால் கரும்பலகையில் செய்து காட்டுவார்கள்.

கட்டடம் எழுப்ப நிலம் வேண்டுமே. பாடசாலை நிற்பது தேயிலைக்கு நடுவில். நிலத்தின் உரிமை ஜனவசம என்ற அரச தோட்ட அமைப்புக்கோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கோ இருக்கும். 1992க்குப் பின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போய், பிறகு நீண்டகாலக் குத்தகையானது. கட்டப்போவது மாகாண சபை. இந்த மூன்று தரப்பிலிருந்தும் கடிதம் வர வேண்டும், அளவையாளர் வர வேண்டும். இதோடு மண்சரிவு அபாயமில்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும் எடுக்க வேண்டும். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த பிறகு அந்த அனுமதியை வெறும் சம்பிரதாயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நல்ல சமதரையில் தேயிலை இருக்கும். பாடசாலைக்கு ஒதுக்கப்படுவது சரிவு. சரிவில் அனுமதி கிடைக்காது. ஒதுக்கிய பணம் வருட முடிவில் திறைசேரிக்குத் திரும்பும்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா நம்மைக் காப்பாற்றுகிறதே என்பார்கள். பாதி உண்மை. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவை கண்டி மாவட்டம், சற்று மேலே றம்பொடை நுவரெலியா மாவட்டம். இரண்டு பக்கமும் அதே லயம், அதே கொழுந்துக் கூடை, அதே கூலி. கீழே இருக்கும் பிள்ளை கண்டி நகரத்தின் பெரிய கல்லூரிகளோடு வெட்டுப்புள்ளிக்குப் போட்டி போட வேண்டும்.

நுவரெலியாவுக்கு உள்ளேயும் கோட்டா தோட்டத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அந்தத் தலைக்கணக்கால் மாவட்டத்துக்கு மருத்துவ, பொறியியல் இடங்கள் கூடுகின்றன. அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்க முதலில் விஞ்ஞானப் பிரிவில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலையை எண்ணும்போது தோட்டம் உள்ளே, இடத்தைப் பங்கிடும்போது வெளியே. வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே உயர்தரம் எழுதுகிறார்கள் என்ற பழைய மனக்கசப்பும் இதிலிருந்து பிறந்ததுதான். அதற்குத்தான் உயர்தரத்துக்கு முந்தைய மூன்று வருடங்கள் எங்கே படித்தார் என்று பார்க்கிறார்கள். அந்த விதி மறுபக்கமும் வெட்டும். ஊரில் விஞ்ஞானம் இல்லையென்று கொழும்புக்கோ கண்டிக்கோ போய்ப் படித்த மஸ்கெலியாப் பிள்ளை நுவரெலியாக் கோட்டாவை இழந்து, போய்ப் படித்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைத் தொட வேண்டி வரலாம். சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளையை வெளி மாவட்டத்துக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோர், முதலில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இந்தப் பகுதியை வாசியுங்கள். பெறுபேறு வந்த பிறகு அழுது பயனில்லை.

பெற்றோர் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அதிகாரிக்கு ஒரு கடிதம். "ஏன் டீச்சர் இல்லை" என்று கேட்கக் கூடாது. அது முறைப்பாடு, தகவல் இல்லை. இன்ன பாடசாலையின் வகை என்ன; பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, இன்று இருப்போர் எவ்வளவு; கடந்த ஐந்து வருடத்தில் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் மூன்றுக்கும் வந்த, போன இடமாற்றங்களின் திகதிகள்; பதிலாள் இல்லாமல் கடந்த நாட்கள் எத்தனை; பாடசாலையை 1ஏபியாகத் தரமுயர்த்தக் கோரிக்கை அனுப்பப்பட்டதா, அதன் நிலை என்ன. இப்படி எண்ணையும் திகதியையும் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கு 14 நாள் அவகாசம். அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். கையில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் படி இறங்க வேண்டாம். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.